விரலை எடுங்கோ, ஐயா

மைக்கை ஊதிப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கோயில் திருவிழாவோ, வாசிகசாலை ஆண்டு விழாவோ, எங்கே போனாலும் ஒருவர் மேடைக்கு வந்து அந்தப் பாவப்பட்ட சாமானை முதலில் ஊதுகிறார். பிறகு விரலால் தட்டுகிறார். பிறகு அதை விட்டு ஒரு முழம் தள்ளி நின்று, முல்லைத்தீவுக்கும் கேட்கட்டும் என்பது போலக் கத்துகிறார். சபை கைதட்டுகிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். "அவர் தன்ரை வாயாலை கத்துறார், உங்களுக்கென்ன நோகுது?" என்பாள் பக்கத்தில் இருக்கும் என் மனைவி. எனக்கு என்ன நோகிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கலியாணமான முதல் மாதத்திலேயே இந்தக் கதையைக் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகும் பலமுறை கேட்டிருக்கிறாள், விரும்பியும் விரும்பாமலும்.

கதைக்கத் தெரியாததால் மைக் வேலையைப் பறிகொடுத்தவன் நான் என்று ஊரில் இன்னும் சிலர் நம்புகிறார்கள். அப்படியில்லை என்று விளக்கப் போனால் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. உயர்ந்ததும், "பாத்தீரோ, உதுதான்" என்று ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். ஆகவே எழுதுகிறேன். எழுத்தில் எவ்வளவு கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேளாது.

அது நாற்பதுகளின் கடைசி. உலக யுத்தத்துக்கென்று யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் வடக்கே வெங்காயத் தோட்டங்களையும் புகையிலைத் தோட்டங்களையும் எடுத்து ஓடுபாதை போட்டிருந்தார்கள். யுத்தம் முடிந்த பின்னும் காணி தோட்டக்காரருக்குத் திரும்பவில்லை; அது வேறொரு கோபம், அதை இதற்குள் கலக்க மாட்டேன். கொழும்பிலிருந்து ஒரு பயணிகள் விமானம் காலையில் வந்து இறங்கும். சென்னைக்குப் போய்விட்டுப் பின்னேரம் திரும்பும். அந்த விமானத்தோடு தரையிலிருந்து வானொலியில் கதைப்பதற்கு ஓர் ஆள் தேவை என்றார்கள். வட்டுக்கோட்டையில் படித்து, சோதனைகள் எல்லாம் தேறி, வாசிகசாலையில் கறையான் விட்டுவைத்த புத்தகங்களையும் வாசித்து முடித்து, வேறொன்றுக்கும் உதவாமல் இருந்த நான் விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது.

கவுண்மேந்து உத்தியோகம். வீட்டில் எல்லோருக்கும் தலை நிமிர்ந்தது. பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"என்ன வேலை எண்டு சொன்னனி?"

"விமானத்தோடை கதைக்கிறது, பெரியப்பா."

"கதைக்கிறதுக்கோ சம்பளம்? இஞ்சை உன்ரை பெரியம்மா இவ்வளவு காலமும் சும்மாவெல்லோ கதைச்சவ."

உத்தியோகம் உடனே நிரந்தரமில்லை. முதலில் கொழும்பில் பயிற்சி. அதன் பிறகு தவணைக்காலம் முடியும்வரை மேலதிகாரி பார்த்திருந்து, இவன் மைக்குக்கு ஏற்றவன் என்று எழுதினால்தான் நிலைக்கும். எழுதாவிட்டால் மறுபடி வாசிகசாலை, மறுபடி கறையான்.

பயிற்சி தந்தவர் யுத்தகாலத்தில் விமானங்களோடு பேசியே முடி நரைத்தவர். அவர் படிப்பித்ததை நான் வேதம் போல ஏற்றுக்கொண்டேன். வானொலி மைக் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புச் சாமான். பக்கத்தில் ஒரு சுவிச்சு. அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. நீ அமுக்கிக்கொண்டிருக்கும் வரைக்கும் மேலே இருப்பவன் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் உன் காதுக்கு வராது. ஆகவே அமுக்குமுன் கேள். வேறு யாராவது பேசுகிறார்களா என்று பார். சொல்லப்போவதை மனத்துக்குள் கட்டிக்கொள். அமுக்கியதும் ஒரு மூச்சளவு பொறுத்துப் பேசு. பொறுக்காவிட்டால் முதற்சொல்லுக்குத் தலை இருக்காது. உதட்டுக்குக் கிட்டப் பிடி, ஆனால் வாயின் ஓரமாகப் பிடி. நேரே பிடித்தால் உன் மூச்சு அங்கே புயலாகக் கேட்கும். முக்கியமாகக் கத்தாதே. உள்ளே இருப்பது கரித்தூள். கத்தினால் அது கலங்கி, சொல்லுக்குப் பதிலாக இரைச்சல்தான் போகும். பக்கத்துக் கடைக்காரனிடம் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரல் போதும். பேசி முடிந்த கணமே விரலை எடு.

இந்தக் கடைசி விதி எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. எங்களூரில் ஒருவர் கதைக்கும்போது மற்றவர் "ஓம்… ஓம்…" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் கதைக்கிறவர் நிறுத்திவிட்டு, "கேக்கிறியோ?" என்பார். அந்தப் பழக்கத்தில் விமானி ஒவ்வொரு வசனம் சொல்லும்போதும் நான் மரியாதையாக சுவிச்சை அமுக்கி ஓம் சொல்லிக்கொண்டிருந்தேன். அமுக்கிய போதெல்லாம் அவர் சொன்னதில் பாதி எனக்கு வராமல் போயிற்று. பயிற்சிக்காரர் என் பெருவிரலைப் பிரம்பால் தொட்டுத் தொட்டு அந்த மரியாதையைப் போக்கினார். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியபோது, சொந்தக்காரர் கதைக்கும்போதுகூட ஓம் சொல்லாமல் மரம் போல இருக்கிறவனாகிவிட்டேன். கொழும்புக்குப் போய்த் தலைக்கனம் ஏறிவிட்டது என்றார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

என்னால் பொறுக்க முடியாதவர் ஒருவர் எனக்காக விமான நிலையத்தில் காத்திருந்தார். அவர் எங்கள் பொறுப்பதிகாரி. எல்லோரும் ஐயா என்றே கூப்பிடுவோம்; இங்கும் அவர் ஐயாவாகவே இருக்கட்டும். கோயிலில் புராணம் படிக்கும்போது பயன், அதாவது பொருள், சொல்லுவார். கூட்டங்களில் தலைமை வகிப்பார். அவர் தேர்முட்டியடியில் நின்று பேசினால் கேணிக்கு அப்பால் மாடு மேய்க்கிறவனுக்கும் பொருள் விளங்கும். அந்தக் குரலை நான் குறைசொல்லவில்லை. அதை மைக்கில் விட்டதைத்தான் சொல்கிறேன்.

நான் முதல்நாள் விமானத்தோடு பேசியதைப் பின்னால் நின்று கேட்டவர், விமானம் இறங்கிய பிறகு கேட்டார்:

"தம்பி, நீர் என்ன, களவெடுக்க வந்தவர் மாதிரிக் குசுகுசுக்கிறீர்?"

"இப்பிடித்தான் ஐயா படிப்பிச்சவை. மெல்லக் கதைச்சால்தான் தெளிவாக் கேக்கும்."

"விமானம் எங்கை நிக்குது? மேலை. மேலை நிக்கிறவனுக்கு மெல்லக் கதைச்சால் எப்பிடிக் கேக்கும்? பனையிலை ஏறினவனோடை குசுகுசுத்துப் பாருமன்."

குரலைத் தூக்கிக்கொண்டு போவது மின்சாரம், நாங்கள் அல்ல என்று விளக்கினேன். தனக்கு எல்லாம் தெரியும் என்றார். சுவிச்சின் தர்மத்தையும் விளக்கினேன். அதுவும் தெரியும் என்றார். அடுத்த நாளிலிருந்து, எப்படிப் பேசவேண்டும் என்று எனக்குக் காட்டித் தரத் தொடங்கினார். மைக்கை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிப்பார். தலையைப் பின்னால் சாய்ப்பார். கூரையைப் பார்த்து முழங்குவார். முடித்ததும் மைக்கை என் கையில் திணிப்பார். விமானி, சொன்னது விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்பார். "பாரும், உம்மடை குரலுக்குப் பழகி அவனுக்குக் காது மந்தமாய்ப் போச்சு" என்பார் ஐயா.

இப்படிப்பட்டவர்தான் நான் மைக்குக்கு ஏற்றவனா என்று எழுதவேண்டியவர். என் குரலில் உறுதி காணாது, மேலே எட்டாது என்று எழுதப்போவதாக அவரே என்னிடம் சொன்னார். தாளம் தெரியாதவர் தவில்காரனுக்கு மதிப்பெண் போடுவதை நீங்கள் கண்டதுண்டா? நான் தினமும் கண்டேன்.

மார்கழி மாதம் வந்தது. வாடைக்காற்றோடு மழை அடித்து ஊற்றிய ஒரு காலையில், கொழும்பிலிருந்து ஒரு மந்திரி அந்த விமானத்தில் வருகிறார் என்றார்கள். ஐயா பட்டு வேட்டி, சால்வையோடு வந்தார். மந்திரியை வரவேற்க அதிகாலைப் பூசையிலிருந்து எடுத்துவந்த விபூதித் தட்டும் சந்தனமும் மாலையும் கீழே நனைந்துவிடும் என்று, எல்லாவற்றையும் மேலே நான் வேலை செய்யும் கோபுரத்துக்கே கொண்டுவந்து வைத்தார். கோபுரம் என்றால் யுத்தகாலத்து மரச்சட்டத்தின் மேல் ஒரு தகரக்கூரை அறை. வானொலிப் பெட்டியின் மேலே செவ்வந்தி மாலை தொங்கியது. பெட்டிக்கே கலியாணம் போல இருந்தது.

விமானம் கிட்ட வந்ததும் விமானி கூப்பிட்டார். புதியவர், எங்களூர்ப் பக்கம் முன்னர் வராத வெள்ளைக்காரர். மேகத்துக்கு மேலே நிற்பதாகவும், காற்றும் மேகமும் கீழே எப்படி என்றும் கேட்டார். நான் பதில் சொல்ல மைக்கை எடுத்தேன். ஐயா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். மந்திரி வருகிற நாளில் ஒரு தவணைக்காரன் பேசுவது முறையில்லையாம்.

அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். காற்றைப் பற்றியல்ல. மாண்புமிகு மந்திரி அவர்களே என்று தொடங்கி, குடாநாட்டின் பழம்பெருமை, பனையின் பயன், குடிதண்ணீர்க் குறை, ரயில் வண்டியின் தாமதம் என்று ஒரு முழு வரவேற்புரை. மைக் ஒரு முழம் தள்ளி, தலை கூரையை நோக்கி. விமானத்துக்குள் மந்திரி இருக்கையில் சாய்ந்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவர் எண்ணம். உண்மையில் அந்தக் குரல் போனது விமானியின் காதுக்குழாய்க்கு மட்டும். அதுவும் தகரக்கூரையில் மழை அடிக்கிற சத்தத்தோடு கலந்து என்ன உருவில் போயிருக்கும் என்று நினைக்கவே பயமாயிருந்தது.

உரை முடிந்தது. ஐயா பதிலுக்காகக் காத்திருந்தார். பெருவிரல் சுவிச்சிலேயே இருந்தது. அது டோர்ச் லைட்டின் பொத்தான் மாதிரி, விட்டால் எல்லாம் அணைந்துபோகும் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை. மேலே மேகத்துக்குள் விமானம் இரைந்துகொண்டு கடற்பக்கம் போயிற்று.

"பதில் இல்லை" என்றார் ஐயா. "மரியாதை தெரியாதவன்." மறுபடி "ஹலோ, ஹலோ" என்று முழங்கினார்.

"ஐயா, விரலை எடுங்கோ. நீங்கள் அமுக்கிக்கொண்டிருந்தால் அவர் கதைக்கிறது எங்களுக்குக் கேளாது."

"நான் விட்டால் அவனுக்கு எப்பிடியப்பா கேக்கிறது?"

விமானம் திரும்பி எங்கள் தலைக்கு மேலாக இரைந்து போயிற்று. அந்தச் சத்தம் முன்னரைவிடத் தாழ்ந்திருந்தது. கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒருவர் மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறார்.

"விரலை எடுங்கோ, ஐயா."

"பெரியாக்கள் கதைக்கேக்கை குறுக்கை கதையாதையும்."

இதை வாசிப்பவர்கள், ஏன் பறித்திருக்கக்கூடாது என்று கேட்பீர்கள். அவர் கையைத் தொட்டுப் பறித்திருந்தால், மேலதிகாரிமேல் கைவைத்தவன் என்று குடாநாடு முழுவதும் கதை போயிருக்கும். பெட்டியை அணைத்திருக்கலாமே என்றால், அணைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குமிழ்கள் மறுபடி சூடேறி வேலைக்கு வரும்வரை விமானி காத்திருக்க வேண்டும். காத்திருக்க அவருக்கு இடம் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. சுற்றிப் பார்த்தேன். செவ்வந்தி மாலைக்குக் கீழே விபூதித் தட்டு இருந்தது.

தட்டை இரண்டு கையாலும் எடுத்தேன். ஐயாவுக்கு முன்னால் போய்த் தலையைக் குனிந்து நீட்டினேன்.

"ஐயா, விபூதி."

விபூதியை இடக்கையால் வாங்கிய சைவன் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. நீட்டிய விபூதியை வேண்டாம் என்றவனும் பிறக்கவில்லை. வலக்கையில் மைக் இருந்தது. ஐயா தட்டைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். பிறகு அதை மேசையில் வைத்தார். சால்வையை அரையில் கட்டினார். இடக்கையைக் கீழே கொடுத்து, வலக்கையால் பக்தியோடு எடுத்தார்.

மைக் மேசையில் பட்ட அந்தக் கணமே விமானியின் குரல் பெட்டியிலிருந்து பாய்ந்தது. சுவிச்சில் குந்திக்கொண்டிருக்கிற மாடு யாராக இருந்தாலும் எழும்பட்டும் என்பது அவர் சொன்னதில் எழுதக்கூடிய பகுதி. நான் மைக்கை எடுத்தேன். அவர் முடிக்கும்வரை கேட்டேன். அமுக்கினேன், மூச்சளவு பொறுத்தேன், உப்பு இருக்கிறதா என்கிற குரலில் சொன்னேன்: காற்று வடகிழக்கிலிருந்து, பாதை நனைந்திருக்கிறது, தண்ணீர் நிற்கவில்லை, நிலையத்தின் மேலே மேகம் மிகத் தாழ்வு, இங்கே இறங்கவேண்டாம், தென்கிழக்கே கடல்நீரேரிப் பக்கம் வானம் வெளுத்திருக்கிறது, அங்கே போய்த் தாழ்ந்து, தரையைக் கண்டபிறகு வாருங்கள். விரலை எடுத்தேன். விளங்கியது, நன்றி என்றார். ஐயா கண்ணை மூடி, "சிவசிவா" என்று மூன்று குறியாகப் பூசிக்கொண்டிருந்தார். அவர் கண் திறந்தபோது விமானம் சாவகச்சேரிப் பக்கம் போய்விட்டது.

பத்திரமாக இறங்கியது. மந்திரிக்கு மாலை விழுந்தது, மழையில் ஒரு குடை பறந்தது, கார்கள் போயின. இனி என் குரல் மேலே எட்டாது என்று யாரும் எழுத முடியாது என்று நெஞ்சு நிமிர்ந்து நின்றேன். அப்போது விமானி கோபுரப் படியில் ஏறிவந்தார்.

இரண்டு குரல் கேட்டது, என்றார். ஒன்று சொல்லே இல்லாத கூச்சல். மற்றது, தான் இந்தத் தொழிலில் கேட்டதிலேயே ஆறுதலான குரல்களில் ஒன்று. அந்த ஆறுதலான மனிதருக்குக் கை கொடுக்க வந்தாராம். மற்றவனை இனி மைக்குக் கிட்ட விடக்கூடாது என்று கொழும்புக்கும் சொல்லப்போகிறாராம்.

தேர்முட்டியடியில் சிங்கமான எங்கள் ஐயா வெள்ளைக்காரருக்கு முன்னால் பூனைக்குட்டியாகிவிடுவார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நெற்றியில் புது விபூதியும் பட்டு வேட்டியுமாக, சாந்தமே உருவாக, மிக மெல்லிய குரலில் "குட் மோர்னிங், சேர்" என்றார். விமானியின் முகம் மலர்ந்தது. ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கத் தொடங்கினார். ஐயா மறுக்கவில்லை. "தாங்க் யூ, சேர்" என்றார், அதைவிட மெல்லிய குரலில்.

எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. அது நான் என்றேன். சொன்னேன் என்பது சரியல்ல. கத்தினேன். சுவிச்சு இல்லை, கரித்தூள் இல்லை, பயிற்சி இல்லை. என் பரம்பரையில் சந்தையில் நின்று கூவி விற்றவர்கள் எல்லோரும் ஒன்றாக என் தொண்டைக்குள் வந்தார்கள். "அது நான்! கதைச்சது நான்!" என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறிமாறிக் கத்தினேன். தகரக்கூரை அதிர்ந்தது.

விமானி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இதேதான்" என்றார். "இதே குரல்தான்."

கீழே தீயணைப்பு வண்டிச் சாரதி ஒருவர் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவர். குருநகர் மீனவக் குடும்பத்துக் கிறிஸ்தவர். அவரிடம் ஓடினேன்.

"அண்ணை, நீங்கள் கேட்டுக்கொண்டெல்லோ நிண்டனீங்கள். வந்து ஒருக்காச் சொல்லுங்கோ."

அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "தம்பி, நான் வேதக்காரன். விபூதி விசயத்திலை என்னைச் சாட்சிக்கு இழுக்காதை." பிறகு ஆறுதலாக, "உந்தச் சத்தம் உன்னட்டை இருக்கெண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. எங்கடை பக்கம் வாவன், கரைவலை இழுக்க ஆள் காணாது" என்றார்.

கொழும்பிலிருந்து கட்டளை வந்தது. நான் மைக்குக்கு ஏற்றவனல்லன். பயணிகளின் பொதிகளை நிறுக்கிற தராசுக்கு மாற்றப்பட்டேன். சென்னைக்குப் போகிற காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் மூட்டைகளும் பனம்பழப் பனாட்டுப் பெட்டிகளும் என்னோடு கதைக்கவில்லை. கதைத்திருந்தால் பதில் சொல்லும் நிலையில் நானும் இல்லை. ஐயாவின் ஆறுதலான குரலைப் பாராட்டி இன்னொரு கடிதம் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

பாராட்டு வந்தால் போதுமா? அடுத்த தடவை மேகம் தாழ்ந்த நாளில் அதே விமானி வந்தார். அதே ஆறுதலான குரல் வேண்டும் என்றார். நான் கீழே ஒரு மூட்டையைத் தராசில் ஏற்றிக்கொண்டு நின்றேன். விமானம் ஒருமுறை இரைந்து போயிற்று. மறுமுறையும் போயிற்று. கோபுர யன்னல் திறந்தது.

"தம்பி, மேலை வாரும்."

போனேன். ஏன் போனேன் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். மேலே அதே சத்தம் தாழ்ந்துகொண்டு வந்ததுதான் காரணம். வேறு பெருந்தன்மை ஒன்றும் என்னிடம் இல்லை. அன்றிலிருந்து நான் அங்கே இருந்த காலம் முழுவதும் பெயருக்குத் தராசுக்காரன். விமானம் வருகிற வேளைகளில் மட்டும் ஐயாவின் குரல். அந்தக் குரலுக்குரிய உத்தியோகம் அவருடையது.

நான் உள்ளே போனபோது அவருடைய வலக்கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. மைக்கை இடக்கையால் என்னிடம் நீட்டினார்.

"பிடியும். அண்டைக்கு நான் கதைச்ச மாதிரி ஆறுதலாக் கதையும். கத்தாதையும்."

இடக்கையால் நீட்டியதை வாங்கக்கூடாது என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். வாங்கினேன். விமானி பேசி முடிக்கும்வரை கேட்டேன். சுவிச்சை அமுக்கினேன். விதிப்படி ஒரு மூச்சளவு பொறுக்க வேண்டும் அல்லவா, பொறுத்தேன். இங்கே இவ்வளவு நேரமாக எழுதியதெல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் என் தொண்டைக்கு வந்து முட்டியது.

பிறகு, காற்று எந்தப் பக்கம் என்று சொன்னேன்.